கிட்டார் கொஞ்சம் தூக்கல்

தயாளன் அனுப்பிய ட்ராக்கில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்று இருதயராஜ் மதியச் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போதே முடிவு கட்டிவிட்டார். இல்லாவிட்டால் கீபோர்டு எதற்கு அத்தனை தடியாக நடுவில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறது, கிட்டாருக்கு ஒரு ஓரம்கூட விடாமல்? எல்லா இடத்திலும் அப்படி இருந்தால்கூடச் சரி, அவன் ருசி அப்படி என்று விட்டுவிடலாம். பாட்டில் அங்கங்கே மட்டும், கிட்டார் நின்று பேச வேண்டிய இடமாகப் பார்த்து, போர்வையைப் போட்டு மூடுகிற மாதிரி மூடுகிறான். தற்செயலாம், மண்ணாங்கட்டியாம். முப்பது வருஷம் மேடையில் கூட நின்றவனுக்குத் தெரியாதா எது தற்செயல் எது வேலை என்று? பொன்மலையில் வாடகை வீடு, பின்னறை, ஜன்னலைச் சாத்தி ஃபேனை நிறுத்தியாகிவிட்டது, ஏனென்றால் மைக் ஃபேன் சத்தத்தைத்தான் முதலில் பிடிக்கும். பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. மடியில் கிட்டார், எதிரே மகள் விட்டுப்போன லேப்டாப். திரையில் இரண்டு கோடு, மேலே ட்ராக், கீழே கிட்டார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு ஃபேடர், மேடையில் சவுண்டு மிக்சர்காரன் தள்ளித் தள்ளி விளையாடுவானே அதேதான், இங்கே படமாக இருக்கிறது. ட்ராக்கை இறக்கினார். தாளம் தொலைந்துபோனது. ஏற்றினார். கிட்டார் தொலைந்துபோனது. நடுவில் ஒரு இடம் இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று மிதிக்காமல் நிற்கிற இடம், அது மட்டும் கைக்கு அகப்படவே இல்லை.

அகப்பட்டாலும் என்ன பிரயோஜனம்? இங்கே எவ்வளவு வைத்தாலும் கடைசி வார்த்தை தயாளனுடையது. மேடைக் கச்சேரிகள் குறைந்துபோன பிறகு மெல்லலை இன்னிசைக் குழு வீட்டுக்கு வீடு பிரிந்து உட்கார்ந்துவிட்டது. தயாளன் மெட்டுப் போட்டு, கீபோர்டும் தாளமும் சேர்த்து ட்ராக் அனுப்புவான். அவரவர் ஹெட்போனில் அதைக் கேட்டுக்கொண்டே தங்கள் பங்கை வாசித்து, அதை மட்டும் தனியாக அனுப்ப வேண்டும். அவன் எல்லாவற்றையும் கூட்டிச் சேர்த்து யூடியூபில் போடுவான். கூட்டிச் சேர்ப்பான் என்பது பேச்சுக்கு. எதைக் கூட்டுகிறான் எதைக் கழிக்கிறான் என்று யார் போய்ப் பார்த்தது? கடைசியாக வந்த பாட்டில் இருதயராஜ் தன் கிட்டாரைத் தேடினார், சொந்த வீட்டில் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிற மாதிரி. இருந்தது, இல்லை என்று சொல்ல முடியாது. எங்கோ கதவுக்குப் பின்னால் நின்று வாசிப்பவன் போல ஒரு கிணுகிணுப்பு. பெயர் மட்டும் கீழே பெரிதாகப் போட்டிருந்தான், கிட்டார் இருதயராஜ் என்று. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. ஃபோனில் கேட்டபோது, ராஜண்ணே, ஃபோன் ஸ்பீக்கர்ல கிட்டார் அப்படித்தான் கேக்கும், நல்ல ஹெட்போன்ல கேளுங்க என்று குழைந்தான். குழைந்தான் பாருங்கள், அங்கேதான் இடித்தது. தயாளன் குழைகிற ஆளே இல்லை. தாளம் கால் மாத்திரை பிசகினால் மேடையிலேயே திரும்பி முறைக்கிறவன். அப்படிப்பட்டவன் தேன் ஒழுகப் பேசினால் அதில் ஏதோ இருக்கிறது. வேறு கிட்டார்காரன் எவனையாவது பேசி வைத்திருக்கிறானோ என்னவோ. இன்றைக்குப் புதுப் பாட்டு. இன்றைக்கு விடுவதில்லை என்று மைக்குக்கும் லேப்டாப்புக்கும் நடுவில் இருக்கும் சின்னப் பெட்டியில், மைக் எவ்வளவு சத்தம் பிடிக்கலாம் என்று வைக்கிற திருகைப் பிடித்து, வழக்கமாக நிற்கிற இடத்தைத் தாண்டி, அது போகிற மட்டும் திருகி வைத்தார். குறைக்கட்டும், எவ்வளவு குறைப்பான்? குறைத்தது போக மிச்சம் ஊருக்குக் கேட்கும்.

"கையை வைக்கப் போறேன்" என்று சமையலறைப் பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தார். அது அந்த வீட்டுச் சட்டம். அந்த வார்த்தை வந்தால் பிலோமினா மிக்ஸியைப் போட மாட்டாள், பாத்திரத்தை உருட்ட மாட்டாள், காலிங் பெல் அடித்தால் ஓடிப்போய் வாசலிலேயே சைகையில் பேசி அனுப்பிவிடுவாள். சரிங்க என்று பதில் வந்தது. வந்த வேகத்தைக் கவனித்தீர்களா? காத்துக்கொண்டிருந்த மாதிரி. அதுவும் இருதயராஜ் கொஞ்ச நாளாகவே கவனித்து வருகிற சங்கதிதான். அவர் ஹெட்போனை மாட்டுவார், அவள் ஃபோனைக் கையில் எடுப்பாள். அவர் கழற்றுவார், ஃபோன் அரிசி டப்பா மேல் முகம் குப்புறக் கிடக்கும். ஒருநாள் பாதியில் கம்பி அறுந்து எழுந்துபோனபோது அவள் பின்வாசலில் முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாள், இவரைப் பார்த்ததும் அப்புறம் பேசறேன் என்று வைத்தாள். யாரு என்றார். ராங் நம்பர் என்றாள். ராங் நம்பரிடம் யாராவது அப்புறம் பேசறேன் என்பார்களா? கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வந்துவிடுமே என்று ஒரு பயம். அவள் தம்பி ஏதாவது வம்பில் மாட்டியிருக்கிறானோ. மகளுக்கும் மாப்பிள்ளைக்கும் சண்டையோ. அல்லது போன மாதம் ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போய்வந்தாளே, துணைக்கு வரேன் என்றதற்கு வேண்டாம், நீங்க பாட்டைப் பாருங்க என்றாளே, அங்கே டாக்டர் ஏதாவது சொல்லி அதை மென்று முழுங்கிக்கொண்டு திரிகிறாளோ. இந்தக் கடைசி நினைப்பு வந்தால் மட்டும் இருதயராஜ் உடனே தயாளனிடம் ஓடிப்போய்விடுவார். தயாளனைச் சந்தேகப்படுவது எவ்வளவோ சௌகரியமாக இருந்தது.

ட்ராக் ஹெட்போனுக்குள் ஓட ஆரம்பித்தது. இந்தப் பாட்டில் ஆரம்பத்தில் கிட்டாருக்கு வேலையே கிடையாது, நீளமாக ஒரு புல்லாங்குழல் போகும், அது முடிகிற வரை கையைக் கம்பிமேல் வைத்துக்கொண்டு தேமே என்று உட்கார்ந்திருக்க வேண்டும். அதையும் வேண்டுமென்றேதான் நீட்டியிருக்கிறான். ஹெட்போன் போட்டால் வீடு செத்துப்போய்விடும், காதுக்குள் பாட்டைத் தவிர உலகத்தில் எதுவும் இருக்காது. அந்தத் தனிமை அவருக்குப் பிடிக்கும், பிடிக்கவும் பிடிக்காது. புல்லாங்குழல் இறங்கியதும் வாசிக்க ஆரம்பித்தார். விரல் நுனிகள் காலையிலிருந்தே ஒரு மாதிரி இருந்தன, மழைக்காலத்தில் மரத்துப்போவது சகஜம். மழை வந்து போய் வெகு நாளாயிற்று என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. கம்பி வேறு சரியில்லை. மெயின்கார்டு கேட் கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான், அதுதான் சில இடத்தில் கிணுங் என்று வராமல் டப் என்று செத்து விழுகிறது. கிட்டார்க் கழுத்து லேசாக வளைந்திருக்கலாம். சர்க்கரை பார்க்கிற மெஷின்கூடச் சரியில்லை, அது காட்டுகிற எண்ணை எந்த மனுஷன் நம்புவான்? போன வாரம் காப்பி டம்ளர் கையிலிருந்து நழுவி விழுந்தபோது, எண்ணெய்க் கையோட டம்ளரைக் கழுவி வெச்சிருக்க என்று பிலோமினாவைத்தான் கடிந்துகொண்டார். அவள் குனிந்து தரையைத் துடைத்துவிட்டு அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பதில் சொல்கிற பெண்டாட்டி பதில் சொல்லாமல் நின்றால் அதுவும் சந்தேகத்துக்குரியதுதான். இந்த நினைப்பெல்லாம் ஓடியது, கூடவே கையும் ஓடியது, பாட்டு முடிந்தது, ஒரு குறையும் இல்லாமல் வாசித்துவிட்ட திருப்தியோடு நிறுத்தினார்.

முதலில் இரண்டையும் சேர்த்துப் போட்டுக் கேட்டார். திருகைத் திருகியதற்குப் பலன் இருந்தது, கிட்டார் வாசலில் நின்று கூப்பிடுகிற மாதிரி கேட்டது. ஆனால் புல்லாங்குழலுக்கு அடியில் வேறு ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. ஈயா? இல்லை. தண்ணீர்க் குழாயா? நிறுத்தி, திரும்பப் போட்டார். கிசுகிசுவென்று ஏற்ற இறக்கத்தோடு ஒரு சத்தம். தயாளன் ட்ராக்கிலேயே எதையோ ஒளித்து வைத்து அனுப்பியிருக்கிறானா என்று ஒரு கணம் நினைத்து, ட்ராக்கின் ஃபேடரை இறக்கினார். புல்லாங்குழல் போயிற்று, சத்தம் போகவில்லை. அப்படியென்றால் இந்த அறையின் மைக் பிடித்தது. திருகு கடைசி மட்டும் நின்றது ஞாபகம் வந்தது. போன மழையில் உப்பிய கதவு இன்னும் சரியாகச் சாத்தாதது ஞாபகம் வந்தது. ஹெட்போன் மாட்டினால் அவருக்குத்தான் காது கிடையாது, மைக்குக்கு உண்டு, இதை அவரும் யோசித்ததில்லை, சமையலறையில் இருந்தவளும் யோசித்ததில்லை. பிலோமினாவின் குரல். கேட்கலாமா? கட்டின பெண்டாட்டி பேசுவதை ஒட்டுக் கேட்கிறவன் என்ன மனுஷன்? ஆனால் ஒட்டுக் கேட்கவில்லையே, தானாக வந்து விழுந்திருக்கிறது. தானாக விழுந்ததை அழித்துவிடலாம், ஒரு பொத்தான்தான். விரல் அந்தப் பொத்தானுக்குப் போகாமல் கீழ்க் கோட்டின் ஃபேடரைப் பிடித்து மேலே தள்ளியது. மோசமான செய்தியாக இருந்தால் என்ன செய்வது? ஆஸ்பத்திரி, சீட்டு, டாக்டர் பெயர், அப்படி ஏதாவது வந்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? மாதாவே, வேறு எதுவாக இருந்தாலும் சரி, தம்பி வம்பாக இருக்கட்டும், மாப்பிள்ளை சண்டையாக இருக்கட்டும். ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"...ஆமா தம்பி, இப்பத்தான் கையை வெச்சாரு" என்றது பிலோமினாவின் குரல், தூரத்தில், ஆனால் தெளிவாக. "இன்னைக்கு ரொம்ப நேரமா உக்காந்திருக்காரு. அந்த எஃப் கார்டு வர்ற இடம் இன்னைக்கும் சரியா விழாது, காலைல சட்டைப் பித்தானே போட முடியல அவரால. நீ போன பாட்டுல செஞ்ச மாதிரியே செஞ்சுடு தயாளா. சத்தத்தைக் கம்மி பண்ணிக்க. ஒரேயடியா எடுத்துடாத. அவரு வாசிச்சது அவருக்குக் கேக்கணும், தப்பு யாருக்கும் கேக்கக் கூடாது. அந்த அளவுக்கு வெச்சுக்க. உனக்குச் சிரமந்தான், தெரியும்." கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை, அங்கே அவன் பேசியிருப்பான். பிறகு, "அய்யோ, அவருக்குத் தெரிஞ்சா கிட்டாரைத் தொடவே மாட்டாரு. உன்னைத்தான் சந்தேகப்படறாரு, பட்டுட்டுப் போகட்டும், நீ மனசுல வெச்சுக்காத." அதற்கு மேல் புல்லாங்குழல் முடிகிற இடம் வந்து அவருடைய முதல் மீட்டல் தடாலென்று விழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

நிறுத்தினார். சட்டைப் பித்தான். அதை அவள் பார்த்தாளா? கண்ணாடி முன்னால் திரும்பி நின்றுகொண்டல்லவா போட்டார், வெறுத்துப்போய்ப் பித்தானே இல்லாத பனியனோடு உட்கார்ந்தாரே. சந்தேகப்பட்டதில் ஒன்றுகூடத் தப்பில்லை என்பதுதான் வேடிக்கை. கிட்டாரைக் குறைத்தது நிஜம். தயாளன் குழைந்தது நிஜம். பெண்டாட்டி ரகசியமாகப் பேசியது நிஜம். ஆஸ்பத்திரிக்குத் தனியாகப் போனதுகூட இந்தக் கையைப் பற்றி விசாரிக்கத்தானோ என்னவோ. எல்லாத் துண்டும் சரி, மொத்தமாகச் சேர்க்கும்போதுதான் ஃபேடர் தலைகீழாக இருந்திருக்கிறது. ஆனால் சும்மா விட்டுவிடுகிற ஆளா இருதயராஜ்? அவளுக்கு என்ன தெரியும், சங்கீதம் படித்தவளா, அவளும் அவனும் சேர்ந்து கற்பனை பண்ணிக்கொண்டு ஒரு நல்ல வாசிப்பைக் கெடுக்கிறார்கள் என்று ஒரு வீம்பு கிளம்பியது. ட்ராக்கைச் சுத்தமாக ஊமையாக்கினார். கிட்டாரை மட்டும், தனியாக, துணைக்கு ஒரு சத்தமும் இல்லாமல் போட்டார். இத்தனை நாளில் அவர் அப்படிக் கேட்டதே கிடையாது. எப்போதும் கீபோர்டுக்கு நடுவில்தான் தேடியிருக்கிறார். ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது, பரவாயில்லையே என்று நிமிர்ந்துகூட உட்கார்ந்தார். எஃப் வந்தது. ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்க வைத்து அழுத்த வேண்டிய கார்டு. இரண்டு கம்பி செத்து விழுந்தது, ஒன்று கறகறத்தது, அதைச் சரிசெய்யப் போனதில் அடுத்த தாளம் பின்தங்கி ஓடிவந்து சேர்ந்துகொண்டது. அடுத்த எஃப். அதேதான். அதற்கடுத்தது இன்னும் மோசம். எந்த இடங்களில் கீபோர்டு தடியாகப் படுத்திருக்கிறது என்று மேல் கோட்டைப் பார்த்தார். ஒவ்வொன்றும் நேருக்கு நேர் இருந்தது. போர்வையைப் போட்டு மூடியிருந்தான், நிஜமாகவே. இவர் வாசித்து அனுப்புவதற்கு முன்பே, இவர் எங்கே விழுவார் என்று தெரிந்து, அங்கே பார்த்து விரித்து வைத்திருந்தான் படுபாவி. இருதயராஜுக்கு அழுகை வந்தது. அடக்கவெல்லாம் இல்லை, பனியனைத் தூக்கி முகத்தைத் துடைத்துக்கொண்டே அழுதார், அந்த அறையில் யார் பார்க்கப் போகிறார்கள்.

அப்போது அவருக்கு, சம்பந்தமே இல்லாமல், தேர்த் திருவிழா மைதானம் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு அவர் தன் கிட்டாரை எல்லாரையும் மிஞ்சிக் கேட்கும்படி ஏற்றி வைத்து, மிக்சர்காரன் மேடை ஓரத்திலிருந்து கையைக் காட்டிக் காட்டித் திட்டிக்கொண்டிருந்தான். கச்சேரி முடிந்து ஒயரைச் சுருட்டும்போது, முன்வரிசை நாற்காலியில் அக்காவோடு உட்கார்ந்திருந்த ஒரு பெண், போகிற போக்கில், உங்க கிட்டார் மட்டும் தனியாக் கேட்டுச்சு என்று சொல்லிவிட்டுப் போனாள். பாராட்டா கேலியா என்று தெரியாமல் அதை விசாரிக்கவே அவளைத் தேடிப் போய், விசாரணை கல்யாணத்தில் முடிந்தது. அந்தக் காது. அதே காதுதானே இத்தனை காலமும் சமையலறையில் இருந்துகொண்டு, கதவிடுக்கு வழியாக, ஒவ்வொரு கம்பியும் விழுகிறதா விழவில்லையா என்று கேட்டுக்கொண்டே குழம்பு வைத்திருக்கிறது. கேட்டுவிட்டு, நல்லாத்தான் இருக்கு என்று சொல்லிக்கொண்டும் இருந்திருக்கிறது. கோபம் வருமா என்று பார்த்தார். கொஞ்சம் வந்தது. வெட்கம் அதைவிட நிறைய வந்தது. கிட்டாரைத் தூக்கிப் பெட்டியில் போட்டு மூடிவிட்டால் அவள் சொன்னது பலித்துவிடும், அவருக்குத் தெரிந்துவிட்டது என்றும் அவளுக்குத் தெரிந்துவிடும். இதை இப்படியே அனுப்பினால் தயாளன் காதில் அவள் குரல் விழும், இவர் கேட்டுவிட்டார் என்று அவனுக்கும் தெரிந்துவிடும். பதிவைத் தேர்ந்தெடுத்து அழித்தார். அந்தப் பேச்சும் அதோடு போயிற்று. திரும்ப ஒரு தரம் கேட்டிருக்கலாமோ என்று உடனே தோன்றியது.

பிலோமினா டீயோடு வந்தாள். டம்ளரை நீட்டாமல் மேஜை மேல் வைத்தாள், அவர் பக்கமாக நகர்த்தி. இதையும் எத்தனை நாளாகச் செய்கிறாள்? அனுப்பியாச்சா என்று விசாரித்தாள். இல்லை, இன்னொரு தடவை வாசிக்க வேண்டும் என்றார். ஏன், நல்லாத்தானே இருந்துச்சு, அங்கேர்ந்து கேட்டேனே என்றாள் வழக்கம்போல. அவர் பெட்டியின் திருகைப் பிடித்துக் கீழே இறக்கினார். பழைய இடத்தையும் தாண்டி இறக்கிக்கொண்டே போனார். சமையலறையில் குழாய் சொட்டுகிற சத்தத்துக்குப் பெட்டியில் துள்ளிக்கொண்டிருந்த பச்சை வெளிச்சம் அடங்கிப்போய்ப் படுக்கிற வரைக்கும் இறக்கினார்.

"கிட்டார் கொஞ்சம் தூக்கல், பிலோ. நானே குறைச்சு அனுப்பிடறேன். அவனுக்கு எதுக்குச் சிரமம்."

அவள் கை டம்ளர் மேலேயே நின்றது. அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை, பார்த்தால் இரண்டு பேருக்கும் கஷ்டம். ஹெட்போனைக் கையில் எடுத்தார்.

"இதை மாட்டிட்டா எனக்கு ஒண்ணும் கேக்காது. மைக்கும் இப்ப இந்த அறையைத் தாண்டாது. யாருகூடவாவது பேசணும்னா பேசிக்க."

அவள் அவர் முதுகில் ஒட்டியிருந்த பனியனை இழுத்துச் சரிசெய்துவிட்டுப் போனாள், போகும்போது உப்பிய கதவை இழுத்து முடிந்த மட்டும் சாத்தினாள். புல்லாங்குழல் நீளமாகப் போயிற்று. நீட்டியது நல்லதுதான், கை சூடேற நேரம் கொடுத்திருக்கிறான். அவர் மெதுவாக ஆரம்பித்தார், பக்கத்தில் ஒருவருக்கு மட்டும் வாசிக்கிற அளவுக்கு. எஃப் வந்தது. இருதயராஜ் விரலைப் படுக்க வைக்கவில்லை. உள்ளங்கையை ஆறு கம்பி மேலும் வைத்து அடக்கிக்கொண்டு அந்த இடத்தைத் தயாளனுக்கு விட்டார். கீபோர்டு தடியாக வந்து நிரப்பிக்கொண்டு போனது. அடுத்த கார்டுக்கு அவர் தாளம் தப்பாமல் போய்ச் சேர்ந்தார்.